கண்ணாடித் தகட்டில் ஒரு வடம்வலி

என் அக்காவின் முன்னால் "விட்டுக்கொடுத்தோம்" என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுத்ததாகக்கூடச் சொல்லக் கூடாது. கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு திரும்புவாள். ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்துபோனவள், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நிமிர்ந்துவிடுவாள். காரணம் எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்தக் காரணம் ஆயிரம் வருஷம் அழியாத கண்ணாடியிலும் ஏறிவிட்டது, அதுவும் தப்பும் தவறுமாக. வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் குமுளியில் ஒரு லாட்ஜில் வேலை. வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கச் சிரிப்பை அங்கேயே செலவழித்துவிட்டுக் கோபத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். இந்த விஷயத்தில் அவருக்கே கோபம் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டு விழா நடக்கும். ஃபுட்பால்தான் அதில் பெரிய சமாசாரம். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தெல்லாம் டிராக்டரில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பொம்பளைகளுக்கு எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு ஓடுவது, நாற்காலியைச் சுற்றி ஓடுவது, அவ்வளவுதான். ஒரு வருஷம் ஆபீஸ் ஸ்டாஃபுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டாஃபுக்கும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் வடம்வலி. கயிறு இழுக்கும் போட்டியைத்தான் எங்கள் பக்கம் மலையாளத்தோடு சேர்ந்து நாங்களும் வடம்வலி என்போம். "சும்மா ஒரு தமாஷுக்கு" என்று மைக்கில் சொன்னார்கள். தமாஷ் யாரை வைத்து என்று சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஸ்டாஃப் பக்கம் ஆபீஸ் கணக்கு எழுதும் ரைட்டர்கள், ஃபீல்டு ஆபீசர், டிஸ்பென்சரி கம்பவுண்டர். எல்லோரும் தலைவாரி, வெள்ளை ஷூ போட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஆபீஸின் பெரிய ரைட்டர். எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகிற மாதிரியே வந்தார்கள். இடுப்பில் படங்கு, அதாவது தேயிலைச் செடியின் குச்சி கிழிக்காமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் தடித்த துணி. காலில் ஒன்றுமில்லை. கயிற்றின் கடைசி ஆள் என் அக்கா. படங்குக்கு மேலே கயிற்றைச் சுற்றிக்கொண்டு, குதிகாலால் மண்ணில் ஒரு குழி பறித்து நின்றாள். மழையில் சறுக்கும் சரிவில் கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளுக்கு மைதானத்தில் நிற்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஸ்டாஃப் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பிறகு ஷூ சறுக்கியது. கடைசியில் கம்பவுண்டர் முகம் குப்புற விழ, அவர் மேலே பெரிய ரைட்டர் விழ, வெள்ளை ஷூவெல்லாம் செம்மண் ஆனது. நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பரிசு கொடுக்கும்போது பெரிய ரைட்டர் மைக்கை வாங்கினார். முழங்கையில் சேறு அப்படியே இருந்தது. "பெண்கள் சந்தோஷப்படட்டும் என்று நாங்கள் விட்டுக்கொடுத்தோம்" என்றார். துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், சிரித்துக் கை தட்டினார். துரை தட்டினால் மைதானமே தட்டும். அக்கா மேடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் குடத்தை வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தாள். அந்தக் குடத்தில் அவள் ஒரு நாளும் தண்ணீர் பிடிக்கவில்லை. கோழிக்குத் தவிடு வைக்கத்தான் அது பயன்பட்டது.

அதோடு விட்டார்களா? விழாவை வீடியோ எடுக்க ஏலப்பாறையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கேசட் ஸ்டாஃப் கிளப்புக்குப் போனது. கிளப்புக்குள் எங்கள் ஆட்கள் கூட்டிப் பெருக்க மட்டுமே போகலாம். டிவி பார்க்கப் போக முடியாது. ஸ்டாஃப் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு புதுப் பேச்சு ஆரம்பமானது. "கேசட்டில் பார்த்தோமே, நாங்கள் கயிற்றை விட்டது நன்றாகத் தெரிகிறது." கொழுந்து எடை போடும் இடத்தில் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் சொல்வார்கள். அக்காவால் என்ன பதில் சொல்ல முடியும்? அவள்தான் கேசட்டைப் பார்க்கவில்லையே. தன் கையையும் காலையும் தவிர அவளுக்கு வேறு சாட்சி இல்லை.

வருஷம் ஓடியது. எஸ்டேட்டைப் பூட்டினார்கள். கிளப்பின் கூரை ஓடுகளை ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் கேசட்டுகள் பிழைத்துக்கொண்டன. எவனோ ஒரு புண்ணியவான் அவற்றைப் பழைய தேயிலைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தான். அந்தக் காலத்துப் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். எங்கள் மலையில் துணி பூக்கும், புத்தகம் பூக்கும், செருப்புகூடப் பூக்கும். அந்தப் பெட்டிக்குள் பூஞ்சை கொஞ்சமாகத்தான் ஏறியது.

எங்கள் பக்கத்திலிருந்து பெரிய கிளப்புகளுக்கு விளையாடப் போன ஃபுட்பால்காரர்கள் உண்டு. அவர்களுடைய பழைய ஆட்டங்களைத் தேடி, ஒரு விளையாட்டு ஆவணத் திட்டம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போன வருஷம் ஏலப்பாறையில் ஒரு ஹாலில் அதையெல்லாம் திரையில் காட்டப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, லீவு போடு. கேசட்டு வருது."

அன்றைக்கு இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கூடவே கயிறு பிடித்தவர்களில் உயிரோடும் ஊரோடும் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முன் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பெரிய ரைட்டர். எஸ்டேட் விளையாட்டை வளர்த்தவராம். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

திட்டத்தின் அதிகாரி உள்ளங்கை அளவுக் கண்ணாடித் தகடு ஒன்றை உயர்த்திக் காட்டினார். லேசரால் இதற்குள்ளே படத்தை எழுதுகிறார்களாம். தீ ஒன்றும் செய்யாது, பூஞ்சை ஒன்றும் செய்யாது, ஆயிரம் வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும் என்றார். நம்பாதவர்களுக்காக பால் சேர்க்காத ஒரு கிளாஸ் கட்டன் சாயாவில் தகட்டை முக்கி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடியும் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். இடத்துக்குப் பஞ்சமே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்தார்கள். ஃபுட்பால், ஃபுட்பால், மறுபடியும் ஃபுட்பால். பிறகு திடீரென்று எங்கள் மைதானம். கயிறு விறைத்து நின்றது. வரிசையாகப் படங்கு கட்டிய இடுப்புகள், கடைசியில் கறுப்பாக, ஒல்லியாக என் அக்கா. பின்னால் புல்லாங்குழல் இசை. கீழே "தோட்டத் தொழிலாளிப் பெண்களின் பொழுதுபோக்கு" என்று ஒரு வரி. நாங்கள் மூச்சு விடுவதற்குள் கயிறு போய், பூச்செண்டு வாங்கும் துரை வந்துவிட்டார். அடுத்து மறுபடியும் ஃபுட்பால்.

பொழுதுபோக்காம்! விடிந்தால் தோட்டம், இருட்டினால் அடுப்பு என்று இருந்தவர்களுக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது?

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "நிறுத்துங்க! மிச்சம் எங்க?"

"சேச்சி, இது ஹைலைட்ஸ் மாத்ரம்" என்றார் அதிகாரி.

"ஜெயிச்சதை வெட்டிட்டு எதைக் காட்டுதீக?"

அப்போது முன் வரிசையிலிருந்து பெரிய ரைட்டரின் குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிற மாதிரி ஹாலுக்கே சொன்னார். "அது ஞங்ஙள் விட்டுகொடுத்ததாணு." மலையாளத்திலும் அதே "விட்டுக்கொடுத்தோம்"தான். ஹால் சிரித்தது. அக்கா உட்காரவில்லை. படம் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் நான் அதிகாரியைப் பிடித்தேன். லாட்ஜில் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். முழுப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கண்ணாடியில் எழுதுவது வெளிநாட்டில், அதை வாசிக்கத் தனி மெஷின் வேண்டும், அது இந்தியாவிலேயே கிடையாது என்றார். அப்படியானால் கேசட்டைக் கொடுங்கள் என்றேன். பூஞ்சை மற்ற கேசட்டுகளுக்குப் பரவும் என்பதால், படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய கையோடு கேசட்டை அழித்துவிட்டார்களாம். கீழே போட்ட வரியையாவது திருத்துங்கள் என்றேன். அவர் பெருமையாகவே சிரித்தார். "அதல்லே இதோட மேன்மை? எழுதினா எழுதினதுதான். ஆருக்கும் திருத்தான் பற்றில்லா."

யாராலும் திருத்த முடியாதாம். எனக்கு லாட்ஜ் குரல் போய்விட்டது. கேசட் இருந்தவரை கிளப்புக் கதவு எங்களைத் தடுத்தது. கிளப் இடிந்த பிறகு, இன்னும் யாரும் இங்கே பார்த்திராத ஒரு மெஷின் தடுக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்துப் பிறக்கப்போகிறவன் சாவகாசமாகப் பார்க்கலாமாம். கயிற்றை இழுத்தவள் எதிரிலேயே நிற்கிறாள், அவளுக்குக் காட்ட வழியில்லையாம். இதற்குப் பெயர் பாதுகாப்பதா, பூட்டி வைப்பதா? இதை நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார். கம்ப்யூட்டருக்கு மாற்றிய முழுப் படம் கொல்லங்கோட்டில் தங்கள் வேலை அறையில் இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்கு அங்கே அனுமதியில்லை என்றார்.

"நாங்க பொதுமக்கள் இல்ல" என்றாள் அக்கா. "படத்துல இருக்கிறவங்க."

அடுத்த வாரமே நானும் அக்காவும் கிளம்பினோம். குமுளி மலை இறங்கி, தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போய்க் கொல்லங்கோட்டில் இறங்கியபோது உடம்பில் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பச்சை வயல், பனைமரம், பளீரென்று வெயில். ஈரம் இல்லாத ஊர் என்றுதான் இங்கே இடம் பிடித்திருப்பார்கள் போலிருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில், ஏசி போட்ட அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேசட்டுகளைச் சுத்தம் செய்து மாற்றுவது அவள் வேலை. அதே ஊர்க்காரி.

"ஏனுங்க, அத்தன தூரத்துல இருந்தா வந்தீங்க? மொதல்ல ஒக்காந்து தண்ணி குடிங்க."

விஷயத்தைச் சொன்னோம். அவள் யோசித்தாள். "காட்டுன்னு எங்கிட்ட ஆரும் சொல்லலீங்க. காட்டாதேன்னும் சொல்லலீங்க. பாருங்க."

படம் ஓடியது; சத்தம் அவள் ஹெட்போனுக்குத்தான் போனது. மைதானம் வந்தது, கயிறு வந்தது, அக்கா வந்தாள். குதிகால் குழியில் இறங்குவது தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் வெள்ளை ஷூக்கள் சறுக்க ஆரம்பித்தன. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் படம் ஒரு ஆட்டம் ஆடித் திரும்பியது. கயிறு போயிற்று. திரையில் ஒரு ஜீப். ஜீப்பிலிருந்து இறங்கும் துரை. பூச்செண்டு கொடுக்கும் டீமேக்கர், ஃபாக்டரியின் பொறுப்பாளர். துரை, துரை, துரை. மறுபடியும் கேமரா கயிற்றுப் பக்கம் வந்தபோது ஆட்டம் முடிந்து ஸ்டாஃப் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெட்டியது இவர்கள் இல்லை. அன்றைக்கே யாரும் அதை எடுக்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் துரையின் ஜீப் வந்தால் எல்லாமே அந்தப் பக்கம் திரும்பும். நாற்காலி திரும்பும், மைக் திரும்பும், பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பாட்டை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்பி வணக்கம் சொல்வார்கள். துரையின் தலை தெரிந்தால் கேமரா அங்கே போய்விட வேண்டும் என்பது ஸ்டூடியோக்காரருக்கு ஆபீஸ் சொல்லி வைத்த சட்டம். மீறினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். அதனால் கோல் விழுந்தாலும் பல் விழுந்தாலும் அந்த மனிதர் திரும்பிவிடுவார். யாருக்கும் அது தப்பாகவே தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

அப்படியானால் "கேசட்டில் பார்த்தோம்" என்று இத்தனை வருஷம் சொன்னார்களே, எதைப் பார்த்தார்கள்? துரையின் பூச்செண்டையா? கேசட்டில் இல்லாத ஒன்றைக் கேசட்டில் பார்த்ததாகச் சொல்லி, என் அக்காவின் வாயைப் பாதி ஆயுள் அடைத்து வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாதவளிடம் எதையும் சொல்லலாம் என்ற திமிர்! நான் அந்தச் சின்ன அறையில் ஸ்டூடியோக்காரரில் ஆரம்பித்து எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் வந்து, அவள் முகம் அப்படி விழுந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, சத்தம் கேக்கலீங்களா?" என்றாள் அந்தப் பெண். "கயித்துச் சத்தம் முழுசா இருக்குதுங்க. இரைச்சல்னு சொல்லி எடுத்துப்போட்டு மியூசிக் போடச் சொன்னாங்க. நான் ஒரிஜினல வெச்சிருக்கறனுங்க."

ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

கேமராவின் கண் திரும்பலாம், அதன் காதுக்கு எல்லாப் பக்கத்துச் சத்தமும் கேட்குமே. திரையில் துரை ஜீப்பிலிருந்து இறங்குகிறார். ஸ்பீக்கரில் என் அக்கா. இருபது வயசுத் தொண்டை. "கால ஊனு! ஊனுங்கடி! இழு!" ஒவ்வொரு இழுப்புக்கும் எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒரு முனகல். அதற்கு நடுவே இன்னொரு குரல், மூச்சு முட்ட, கிழிந்துபோன குரல்: "விடல்லே! விடல்லேடா! பிடிச்சு நில்க்கெடா!" விடாதே, விடாதே, பிடித்து நில் என்று மலையாளத்தில் கெஞ்சுகிறது. ஏலப்பாறை ஹாலில் முன் வரிசையிலிருந்து கேட்ட அதே குரல். வயசுதான் குறைவு. பிறகு தொப்பென்று ஒரு சத்தம், அதன் மேலே ஊரே கத்தும் சத்தம். அதில் என் கீச்சுக்குரலும் எங்கேயோ இருக்கிறது. திரையில் துரை பூச்செண்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்புகிறார். அவர் வாய் திறந்தபடியே நிற்கிறது.

அக்கா மறுபடியும் போடச் சொன்னாள். இன்னொரு தடவையும் போடச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"விட்டுக்குடுக்கிறவன் ஏன்டி விடாதே விடாதேன்னு கத்துதான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு அழுவதற்கு நேரமில்லை, அதிகாரியிடம் பேச வேண்டியிருந்தது.

போனில் அவர் முதலில் அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொண்டார். பிறகு, பழைய தகட்டை ஒன்றும் செய்ய முடியாது என்றார். புதிதாக இன்னொரு தகட்டில் எழுதுங்கள் என்றேன். அதற்குத் தேர்வு முறை இருக்கிறது, தரம் பார்க்க வேண்டும், அந்தச் சத்தம் வெறும் இரைச்சல் என்றார்.

"சார், ஹாலில் அத்தனை பேர் முன்னால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை என்று சொன்னீர்கள். சாயாவில் முக்கிக்கூடக் காட்டினீர்கள். புல்லாங்குழலுக்கு இடம் இருக்கிறது, பூச்செண்டுக்கு இடம் இருக்கிறது. என் அக்காவின் தொண்டைக்கு மட்டும் இடம் இல்லையா?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். எழுதுறேன்னு சொன்னப்புறம்தான் எந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டு, போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். கால் இரண்டையும் தரையில் ஊன்றி அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்குத் தன் சாப்பாட்டையும் பங்கு வைத்தாள். சாயங்காலத்துக்குள் அதிகாரியே கூப்பிட்டார். அடுத்து எழுதப்போகும் தகட்டில் முழுப் படத்தையும் அதன் சொந்தச் சத்தத்தோடு சேர்த்துவிடச் சொன்னார். பொழுதுபோக்கு என்ற வரியோடு பழைய தகடும் அப்படியே இருக்கும் என்றார். அழிக்க முடியாதே. பொய்யும் இனி ஆயிரம் வருஷம் உயிரோடு இருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"கீழ ஒரு வரி போடணுமுங்க. என்ன எழுதட்டுமுங்க?" என்று அந்தப் பெண் விசைப்பலகையில் கை வைத்தபடி கேட்டாள். நான் நல்ல தமிழில் ஏதாவது யோசித்துச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அக்கா என்னைக் கையால் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

"பொம்பளைக ஜெயிச்சாக. யாரும் விட்டுக்குடுக்கல. கேமரா அப்ப துரையைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."